லேசிக் பண்ணினவரோட கார்னியாவை அம்மாவுக்கு வைக்கலாமா? நாளைக்குள்ள பதில் சொல்லணும்

மதுமதி_ஆர்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு கண்ணுக்கும் கண்புரை ஆபரேஷன் முன்னாடியே முடிஞ்சது, இடது கண்ணு நல்லா இருக்கு, வலது கண்ணு மட்டும் தெளியவே இல்ல. முதல்ல காலைல எந்திரிச்சா மூட்டமா இருக்கும், மத்தியானத்துக்கு மேல தேவலைம்பாங்க, இப்ப நாள் பூரா மூட்டம் தான், கூடவே ஒரே உறுத்தல், கண்ணுல தண்ணி. கார்னியா, அதான் கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற லேயர், அதோட உள்பக்கத்து செல்லெல்லாம் போயிடுச்சு, அதனால தண்ணி கோத்து வீங்குது, உள் லேயரை மட்டும் மாத்தணும், டிமெக்னு பேருன்னு டாக்டர் சொன்னார். சரின்னு பேரு கொடுத்துட்டு வெயிட் பண்ணிட்டு இருந்தோம்.

நேத்து ஃபோன் வந்துச்சு. டிஷ்யூ ஒண்ணு இருக்கு, ஆனா தானம் கொடுத்தவர் உயிரோட இருக்கும்போது லேசிக், அதான் கண்ணாடி போடாம இருக்க பண்ற லேசர் ஆபரேஷன், பண்ணினவர், உள் லேயர் நல்லா இருக்கு, செல் கவுண்ட் 2700, உங்களுக்கு சம்மதமான்னு யோசிச்சு சொல்லுங்க, வேண்டாம்னா அடுத்தது வர்ற வரைக்கும் இருக்கலாம்னாங்க. எனக்கு அந்த நேரத்துல என்ன கேக்கணும்னே தெரியல, யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டேன். மாமா ஒரே பிடியா வேண்டாம்ங்கிறார், கண்ணு சரியில்லாதவரோட கண்ணை எதுக்கு வாங்கி வைக்கணும்னு. அம்மா என் முகத்தையே பாக்குறாங்க.

அவரோட பவர் அம்மாவுக்கு வந்துடுமா? லேசிக் பண்ணின கார்னியா வீக்கா இருக்காதா? யாருக்கும் வேண்டாம்னு தள்ளினதை நமக்கு தர்றாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பிஜி_படிப்பு:

மேடம், நான் கண் மருத்துவம் மேல்படிப்பு படிச்சிட்டு இருக்கேன், உங்க டாக்டர் சொல்றது தான் முடிவு, நான் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

கார்னியா மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம் தான் தடிமன், அதாவது 540 மைக்ரான் பக்கம். லேசிக் பண்ணும்போது மேல் பக்கமா 100லேர்ந்து 160 மைக்ரான் ஆழத்துல ஒரு மடல் மாதிரி வெட்டித் தூக்கி, அதுக்குக் கீழ லேசரால கொஞ்சம் செதுக்கிட்டு மடலைத் திரும்ப மூடிடுவாங்க. உங்க அம்மாவுக்கு எடுக்கப்போறது ஆகக் கடைசியில, உள்பக்கத்துல இருக்கிற டெசிமெட் சவ்வும் அதுல ஒட்டியிருக்கிற எண்டோதீலியம் செல்லும் மட்டும், ரெண்டும் சேந்து 15 மைக்ரான் சுமார் வரும். லேசர் அந்த ஏரியாவுக்கே போகல. அந்த மடல், செதுக்கின இடம் எல்லாம் மேல் பாதியோட போயிடும், அம்மா கண்ணுக்குள்ள வரவே வராது.

பவர் விஷயமும் அதே தான். கார்னியாவோட பவர்ல பெரும்பங்கு முன்பக்க வளைவுல இருக்கு, அந்த முன்பக்கம் அம்மாவோடதே அப்படியே இருக்கப்போகுது. டிமெக் பண்ணினா பொதுவாவே ப்ளஸ் பக்கமா லேசா ஒரு மாத்தம் வரும், அது யார் கொடுத்த டிஷ்யூவா இருந்தாலும் வர்றது, லேசிக்னால இல்ல.

இதே கார்னியாவை முழு தடிமனா, பழைய ஸ்டைல்ல வட்டமா வெட்டி தைக்கப் போறேன்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். மைனஸ் பவருக்கு லேசிக் பண்ணினா நடுப்பகுதி தட்டையாகிடும், அந்தத் தட்டையும் சேந்து வந்துடும், மடல் ஓரம் வேற இருக்கும், பார்வை கோணலாகும். அதனால தான் லேசிக் கார்னியாவை முழுசா வைக்கக்கூடாதுன்னு கண் வங்கி ரூல்ல இருக்கு, உள் லேயருக்கு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு கொடுக்கலாம்னும் பல இடத்துல இருக்கு. உங்ககிட்ட ஃபோன் பண்ணி சொன்னதே நல்ல அறிகுறின்னு நினைக்கிறேன்.

சந்தேகச்சாமி:

படிக்கிற தம்பி அழகா சொல்லிட்டார், ஒத்துக்கறேன். ஆனா மதுமதி, உங்க மாமா கேக்குறதுல தப்பு என்ன இருக்கு? முழுசா வைக்க லாயக்கில்லாத பீஸு, தூக்கிப் போட மனசில்லாம உள் லேயருக்குன்னு தள்ளி விடுறாங்கன்னு ஒரு சாதாரண ஆளுக்கு தோணத்தானே செய்யும். 1974ல ஒரு கார்னியா வழியா சி.ஜே.டின்னு மூளை நோய் ஒட்டின கேஸ் பதிவாகியிருக்கு, ரேபீஸ் கார்னியா வழியா வந்து ஆள் போன கேஸும் இருக்கு. இதெல்லாம் படிச்சுட்டு கண்ணை மூடிட்டு கையெழுத்து போடுன்னா எப்படி? நான் வேண்டாம்னு சொல்லல, எல்லாத்தையும் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்கன்னு தான் சொல்றேன்.

ராத்திரி_ட்யூட்டி:

சாமி சார் கேட்ட கேள்வி நியாயமானது, ஆனா ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே பையில போட்டுட்டார். நான் கண் வங்கில டெக்னீஷியனா இருக்கேன், நாங்க டிஷ்யூ பாக்கும்போது கேக்குற கேள்வி மூணே மூணு தான், வியாதி ஒட்டக்கூடியதா, எந்த லேயர்ல இருக்கு, எந்த ஆபரேஷனுக்குப் போகுது. இதுல முதல் கேள்விக்கு ஆமான்னா அத்தோட முடிஞ்சது, மேல பேச்சே கிடையாது. ரேபீஸ், சி.ஜே.டி, எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி, ரத்தப் புத்துநோய், லிம்ஃபோமா, கண்ணுக்குள்ள வர்ற ரெட்டினோபிளாஸ்டோமா, கண்ணுல ஆக்டிவா இன்ஃபெக்‌ஷன் இல்ல அழற்சி, இதெல்லாம் ஒரே வரில தள்ளுபடி. அந்த 1974 கேஸ் மாதிரி சம்பவங்கள்னால தான் இறந்தவரோட மெடிக்கல் ஹிஸ்டரி கேக்குறது, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றது இவ்வளவு இறுக்கமா ஆச்சு. லேசிக்ங்கிறது வடிவத்துல கை வச்சது, அது யாருக்கும் ஒட்டாது.

ரெண்டாவது கேள்வில தான் ஜனங்களுக்கு பெரிய குழப்பம். கண்ணுல வியாதின்னாலே கார்னியால வியாதின்னு நினைச்சுக்கறாங்க. கிளாக்கோமா பார்வை நரம்பைத் தின்னுது, சர்க்கரை விழித்திரையைக் கெடுக்குது, கண்புரை லென்ஸ்ல வருது, மாலைக்கண்ணுல ஆரம்பிச்சு பார்வையே போற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா விழித்திரை வியாதி. இவங்க யாரோட கார்னியாவும் கண்ணாடி கணக்கா தெளிவா இருக்கலாம். சுத்தமா பார்வை இல்லாதவர் கொடுத்த கார்னியால இன்னொருத்தருக்கு பார்வை வர்றது எங்களுக்கு அதிசயமே இல்ல. இன்னொண்ணு சொல்றேன், உலகத்துலயே முதல்ல ஜெயிச்ச மனுஷ கார்னியா மாற்று 1905 டிசம்பர்ல எட்வர்ட் சிர்ம்ங்கிற டாக்டர் பண்ணினது, சுண்ணாம்பு பட்டு ரெண்டு கண்ணும் போன ஒரு தொழிலாளிக்கு. அதுக்கு கார்னியா எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, இரும்புத் துண்டு பாஞ்சு காப்பாத்த முடியாம எடுத்த ஒரு 11 வயசுப் பையனோட கண்ணுலேர்ந்து. அடிபட்ட கண்ணுலேர்ந்து தான் இந்த வைத்தியமே ஆரம்பிச்சது.

அதுக்காக கிளாக்கோமா, கண்புரை ஆபரேஷன் பண்ணினதெல்லாம் கண்ணை மூடிட்டு எடுத்துக்கறோம்னு அர்த்தமில்ல. உள்ளே கருவி போன கண்ணு, ட்யூப் வச்ச கண்ணுன்னா செல் கொஞ்சம் செத்திருக்கும், அதை எண்ணித்தான் ஆகணும். நம்ம எண்டோதீலியம் செல் செத்தா பதிலுக்கு புதுசு பிறக்காது, இருக்கிறது விரிஞ்சு இடத்தை நிரப்பும் அவ்வளவு தான். உள் லேயர் ஆபரேஷனுக்கு சதுர மில்லிமீட்டருக்கு 2000க்கு மேல இருக்கணும்னு பொதுவா கேப்பாங்க, சில டாக்டர் இன்னும் கூட கேப்பாங்க. 2700 நல்ல நம்பர்.

எப்படி பாக்குறோம்னு கேட்டீங்கன்னா, கார்னியா ஒரு சின்ன டப்பால இளஞ்சிவப்பு திரவத்துல உக்காந்திருக்கும், உள்பக்கம் மேல பாத்தாப்ல. அந்த கலர் மஞ்சளா மாறியிருந்தா கிருமி புகுந்திருக்கலாம்னு சந்தேகம் வந்துடும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே மைக்ராஸ்கோப்ல வச்சா செல் ஓரம் மங்கலா தான் தெரியும், ரூம் டெம்பரேச்சருக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் தான் தேன்கூடு மாதிரி அறுகோணமா பளிச்சுனு தெரியும். நடுநடுவுல கருப்பு ஓட்டை ஓட்டையா தெரிஞ்சா அது ஃபூக்ஸ் டிஸ்ட்ரோபின்னு அந்த உள் லேயர் செல்லையே கெடுக்குற வியாதியோட ஆரம்பம், கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் உள் லேயருக்கு அதைக் கொடுக்க மாட்டோம்.

லேசிக்கை கண்டுபிடிக்கிறது தான் கஷ்டம். இறந்த அப்புறம் கார்னியா ஊறி உப்பிடும், அதனால தடிமனை அளந்து மட்டும் சொல்ல முடியாது. ஸ்லிட் லாம்ப்ங்கிற கண் மைக்ராஸ்கோப்ல வெளிச்சத்தை சாய்ச்சு விட்டா வட்டமா ஒரு மெல்லிசு கோடு தெரியும், அதுவும் பழசானா மங்கிடும், லேயர் லேயரா படம் காட்டுற ஓ.சி.டி ஸ்கேன் இருந்தா மடல் நல்லா தெரியும். வீட்டுக்காரங்ககிட்ட லேசிக் பண்ணினாரான்னு கேட்டா அந்த துக்கத்துல தெரியலம்பாங்க, அதனால நான் வேற மாதிரி கேப்பேன், அவர் முன்னாடி கண்ணாடி போட்டிருந்தாரா, நடுவுல திடீர்னு விட்டுட்டாரான்னு. பாதி நேரம் அதுலயே வந்துடும்.

மதுமதி_ஆர்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராத்திரி சார், நீங்க எழுதினதை அப்படியே மாமாவுக்கு படிச்சு காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கார், ஆனா இப்ப புதுசா ஒண்ணு பிடிச்சிருக்கார், கொடுத்தவருக்கு வயசு என்ன, சின்ன வயசுக்காரரோடதா கேட்டு வாங்குன்னு. வயசு 58னு சொன்னாங்க. அது அதிகமா?

பிஜி_படிப்பு:

58 டிமெக்குக்கு ரொம்ப சௌகரியமான வயசு மேடம். அந்த சவ்வை உரிச்சு எடுத்த உடனே தானா சுருண்டுக்கும், செல் வெளிப்பக்கமா இருக்கிற மாதிரி. சின்ன வயசுக்காரங்களோடது இறுக்கமா சுருளும், கண்ணுக்குள்ள விட்டு அதை விரிக்கிறதுக்குள்ள டாக்டருக்கு போதும் போதும்னு ஆயிடும், விரிக்கிற போராட்டத்துல செல்லும் சாகும். வயசானவங்களோடது தளர்வா சுருளும், அதனால 50 தாண்டினவங்களோடதை கேட்டு வாங்குற சர்ஜன் நிறைய பேர்.

முழு தடிமன் மாற்றத்துக்கும் வயசு அவ்வளவு பெரிய விஷயம் இல்லன்னு அமெரிக்காவுல நடந்த கார்னியா டோனர் ஸ்டடி காட்டுச்சு. 10 வருஷம் கழிச்சு பாத்தா 12லேர்ந்து 65 வயசுக்காரங்க கொடுத்தது 77 சதவீதம் நல்லா இருந்துச்சு, 66லேர்ந்து 75 வயசுக்காரங்க கொடுத்தது 71 சதவீதம், புள்ளிவிவரப்படி இது பெரிய வித்தியாசம் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா அதே ஸ்டடில இன்னொண்ணும் தெரிஞ்சது, 10 வருஷத்துல நடுத்தரமா முக்கால்வாசிக்கு மேல செல் குறைஞ்சிருந்துச்சு, ரெண்டு குரூப்லயும். அதனால தான் எல்லாரும் ஆரம்ப கவுண்ட்லயே குறியா இருக்காங்க.

வயசை விட சர்க்கரை இருந்துச்சான்னு கேளுங்க. ரொம்ப நாள் சர்க்கரை இருந்தவங்களோட டெசிமெட் சவ்வு ஒட்டிக்கிட்டு உரிக்கும்போது கிழிய வாய்ப்பு ஜாஸ்தி. கண் வங்கியே உரிச்சு ரெடியா அனுப்புறாங்களா, இல்ல தியேட்டர்ல வச்சு உரிக்கப்போறாங்களான்னும் கேளுங்க. தியேட்டர்ல கிழிஞ்சா மாத்து டிஷ்யூ இருக்கான்னு கேக்குறது தப்பே இல்ல.

இரவல்கண்:

நான் வாங்கிக்கிட்ட கட்சி, அதனால வேற பக்கத்துலேர்ந்து சொல்றேன். எனக்கு பண்ணினது டிசேக், கொஞ்சம் தடிமனான துண்டா வைக்கிறது. கொடுத்தவர் எழுபது தாண்டினவர், கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுன்னு முன்னாடியே சொன்னாங்க. எனக்கும் முதல்ல ஒரு மாதிரி தான் இருந்துச்சு, பழைய கண்ணுக்கு பழைய கண்ணான்னு. எங்க டாக்டர் சிரிச்சுட்டு, கண்ணை வாங்கலைங்க, நாலாயிரம் செல்லை எண்ணி வாங்குற மாதிரி நினைச்சுக்கோங்கன்னார் (கணக்கு அப்படி இல்லன்னு அப்புறம் தெரிஞ்சது, லட்சக்கணக்குல வருமாம், விடுங்க). இப்ப பேப்பர் படிக்கிறேன், இதை நானே தான் டைப் பண்றேன்.

மதுமதி, நீங்க டிஷ்யூ பத்தியே கவலைப்படுறீங்க, அதுக்கப்புறம் இருக்கிற வேலையையும் கொஞ்சம் யோசிங்கம்மா. உள்ள தையல் கிடையாது, காத்துக் குமிழியோ கேஸோ விட்டு அந்த சவ்வை மேல அழுத்தி ஒட்ட வைப்பாங்க, அது ஒட்டுற வரைக்கும் அம்மா மல்லாக்க விட்டத்தைப் பாத்தே படுத்திருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எந்திரிக்கலாம். முதுகு வலி இருக்கிறவங்களா, ராத்திரி இருமல் வருமா, இதெல்லாம் இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு ஒரு ஓரம் பிரிஞ்சு திரும்ப குமிழி விட்டாங்க, பயந்துட்டேன், அது சகஜம்னு அப்புறம் தான் சொன்னாங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாம். குமிழி கரையுற வரைக்கும் விமானம் ஏறக்கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து நாமா நிறுத்தக்கூடாது, கண்ணு சிவந்தாலோ வெளிச்சம் கூசினாலோ மங்கினாலோ அன்னிக்கே ஓடணும்.

சந்தேகச்சாமி:

ராத்திரி ட்யூட்டி சார், அந்த மூணு கேள்வி விஷயம் புரிஞ்சுது, நான் பையைப் பிரிச்சுட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் விட மாட்டேன். நல்ல டிஷ்யூ தாராளமா இருந்தா இந்த லேசிக் டிஷ்யூவை யாராவது தொடுவாங்களா?

ராத்திரி_ட்யூட்டி:

தாராளமா இருந்தா எதுக்கு தொடப்போறோம் சார், ஒளிச்சு என்ன பண்ண. 2012 நிலவரத்தை வச்சு உலக அளவுல ஒரு கணக்கு எடுத்தாங்க, ஒரு கோடியே 27 லட்சம் பேர் காத்திருக்காங்க, 70 பேருக்கு ஒரு கார்னியா தான் கிடைக்குதுன்னு வந்துச்சு. அந்த நிலமைல மேல ஒரு கீறல் இருக்குன்னு உள்ள இருக்கிற நல்ல லேயரையும் சேத்து குப்பைல போட எனக்கு கை வராது.

அதுவும் போக ஒரே கார்னியாவை ரெண்டு பேருக்கு பிரிச்சு கொடுக்குறதும் நடக்குது. உள் லேயர் செத்துப்போன கார்னியாவோட மேல் பாதியை டால்க்னு ஒரு ஆபரேஷனுக்கு கொடுக்கலாம், அதுல வாங்கிக்கிறவர் தன்னோட சொந்த எண்டோதீலியத்தையே வச்சுக்கறார், அதனால கவுண்ட் கம்மின்னாலும் பரவால்ல. புண்ணு வந்து ஓட்டையே விழுந்த கண்ணுன்னா பார்வை அப்புறம், முதல்ல கண்ணைக் காப்பாத்தணும்னு கவுண்ட் குறைஞ்சதையும், கிளிசரின்ல போட்டு வச்சதையும் கூட வச்சு அடைப்பாங்க. ஓரத்துல சதை வளந்த கண்ணு, வயசானவங்களுக்கு கருவிழியைச் சுத்தி வர்ற வெள்ளை வளையம், இதெல்லாம் நடுவுல வெட்டுற எட்டு மில்லிமீட்டர் வட்டத்துக்கு வெளிய இருந்தா பிரச்சனையே இல்ல.

ஆனா நீங்க சொன்ன எழுத்துல வாங்கிக்கோங்கங்கிறது நூத்துக்கு நூறு சரி. என்ன குறை இருக்குன்னு சர்ஜனுக்கும் தெரியணும், வாங்கிக்கிறவங்களுக்கும் தெரியணும். தெரியாம வச்சா தான் தப்பு. மதுமதி மேடம், வேண்டாம்னு சொன்னாலும் உங்களை லிஸ்ட்ல கடைசிக்கு தள்ள மாட்டாங்கன்னு கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க. அதே சமயம் ரொம்ப நாள் வீங்கியே கிடந்தா அம்மாவோட கார்னியாவுல தழும்பு விழும், அப்புறம் உள் லேயர் மட்டும் மாத்தினா போதாம போகலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மதுமதி_ஆர்:

சர்ஜன்கிட்டயே பேசிட்டேன். சர்க்கரை இல்லையாம், கண் வங்கிலயே உரிச்சு செல்லை திரும்ப எண்ணித்தான் அனுப்புவாங்களாம், லேசிக் விஷயத்தை சம்மதப் படிவத்துல தனி வரியா எழுதித் தர்றேன்னார். அம்மாவுக்கு தழும்பு இன்னும் இல்லை, தள்ளிப் போடாதீங்கன்னு சொன்னார். சரின்னு சொல்லிட்டேன். மாமா மல்லாக்க படுக்குறதுக்கு தலகாணி செட் பண்ணிட்டு இருக்கார். இரவல்கண் ஐயா, இருமல் விஷயம் நல்லவேளை சொன்னீங்க, அம்மாவுக்கு ராத்திரில இருக்கு, மருந்து ஆரம்பிச்சாச்சு.

கூம்புவிழி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், மேல எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் கெரடோகோனஸ், கார்னியா மெலிஞ்சு கூம்பா ஆயிடுச்சு, லென்ஸ் போட்டுத்தான் பாக்குறேன். கண் தானத்துக்கு எப்பவோ எழுதிக் கொடுத்தேன். என்னோடது குப்பைக்குத் தான் போகுமா?

ராத்திரி_ட்யூட்டி:

முழுசா வைக்க எடுக்க மாட்டாங்க, கூம்பு வடிவமும் சேந்து போயிடும்ங்கிறதால. ஆனா உங்க வியாதி மேல் அடுக்குல, எண்டோதீலியம் நல்லாவே இருக்கலாம். அதை உள் லேயர் ஆபரேஷனுக்கு எடுக்குறதும் விடுறதும் அந்தந்த கண் வங்கி ரூலையும் சர்ஜனையும் பொறுத்தது. அது ஆகலன்னாலும் கண்ணோட வெள்ளைப் பகுதி, ஸ்க்ளீரா, அது கிளாக்கோமா ட்யூப் வைக்கும்போது மேல மூடுற துண்டா போகும், அதுக்கு கெரடோகோனஸ் தடையில்ல. டிமெக் சவ்வு உரிக்கக் கத்துக்கறவங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் கார்னியா எப்பவும் தேவை, முதல் தடவையே நோயாளிக்கு வர்ற டிஷ்யூல கை வைக்க முடியாதில்ல. எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்காதீங்க, கெரடோகோனஸ் இருக்குன்னு வீட்டுல ரெண்டு பேருக்காவது தெளிவா சொல்லி வைங்க, நாங்க ஃபோன்ல கேக்கும்போது அவங்க சொல்லணும்.